காரில் கிடக்கும் 60 யூனிட்: மின்கட்டமைப்புக்கு எந்த வழியில் கொடுப்பது?

மின்கார் வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கார் பேட்டரியிலிருந்து கரண்டைத் திருப்பிக் கொடுக்கலாமாமே, அதற்கான சார்ஜரைப் போடலாமா? இல்லை, வீட்டுக்கென்று தனியாக ஒரு பேட்டரி வாங்கிவிடலாமா? அதெல்லாம் வேண்டாம், நேரம் பார்த்து சார்ஜ் போட்டாலே போதுமா?" ஒவ்வொரு வழிக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். அவரவர் தங்கள் வழியின் நன்மையை மட்டும் சொல்வதால் கேட்டவருக்குக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான வீட்டுக் கார்களுக்கு, சார்ஜ் ஏறும் நேரத்தை மாற்றுவதுதான் முதல் வேலை. கூடுதல் கருவி அதிகம் தேவையில்லை, பேட்டரிக்குக் கேடில்லை, ஊருக்கெல்லாம் மின்சாரம் கொண்டுவரும் கட்டமைப்புக்கு உடனடி நிம்மதி. திருப்பிக் கொடுக்கும் வழி மீது எனக்கு நிறைய நம்பிக்கை உண்டு. ஆனால் அது எல்லாக் காருக்கும் பொருந்தாது. எந்தக் காருக்குப் பொருந்தும் என்று பார்க்க, அந்தக் கார் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பிளக்கில் செருகியபடி நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பேட்டரியின் அளவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

## கட்டமைப்புக்கு உண்மையில் என்ன தேவை?

மின்கட்டமைப்பில் எந்த நொடியிலும் உற்பத்தியும் செலவும் சமமாக இருக்க வேண்டும். செலவு கூடினால் அலைவெண் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்) 50 ஹெர்ட்ஸிலிருந்து கீழே இறங்கும். உற்பத்தி கூடினால் மேலே ஏறும். (சில நாடுகளில் இந்த அளவு 60 ஹெர்ட்ஸ்.) ரொம்பவும் விலகினால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே கழன்றுகொள்ளும், அப்புறம் ஊர் ஊராக இருட்டாகும். இதைத் தடுக்க மூன்று விதமான உதவி வேண்டும்: சில நொடிகளுக்குள் கைகொடுக்கிற உதவி, மாலை உச்சநேரத்தில் இரண்டு மூன்று மணி நேரம் தாங்குகிற உதவி, நண்பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தை எடுத்துவைத்துக்கொள்கிற உதவி.

மூன்றையும் பேட்டரி செய்யும். நிறுத்திவைத்த கார்களிடமிருந்தே இதைப் பெறலாம் என்று 1997-லேயே வில்லெட் கெம்ப்டன், ஸ்டீவன் லெடென்ட்ரே என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் எழுதினார்கள். அப்போது சாலையில் மின்கார்களே அரிது. அவர்களுடைய அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை: ஒரு சொந்தக் கார் அதன் ஆயுளில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் சும்மா நிற்கிறது. அந்த நேரத்தில் அதன் பேட்டரியும் சும்மா இருக்கிறது.

## எதை வைத்து அளப்பது?

நான்கு வழிகளைப் பார்ப்பதற்கு முன் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாவது, ஏற்கெனவே சொன்ன பிளக் நேரம். இரண்டாவது, கருவிக்கும் அதைப் பொருத்துவதற்கும் ஆகும் முதல் செலவு. மூன்றாவது, வழியில் வீணாகும் மின்சாரம். பலரும் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நான்காவது, பேட்டரி தேய்மானமும் அதோடு ஒட்டிய வாரண்டியும். ஐந்தாவது, மின்தடை வந்தால் வீட்டுக்கு உதவுமா என்பது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது: கட்டமைப்புக்கு உதவும் எல்லாக் கருவியும் மின்தடையில் வீட்டுக்கு உதவாது. கடைசியாக, கட்டமைப்புக்குக் கிடைக்கும் பயன்.

கணக்குக்கு வசதியாக, இந்தக் கட்டுரை முழுக்க 60 யூனிட் (அதாவது 60 கிலோவாட்-மணி) பேட்டரியுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்கிறேன். ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் ஓடும். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

## 1. நேரம் பார்த்து சார்ஜ் செய்வது

இந்தக் கார் ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் போனால் செலவு 7 யூனிட்டுக்கும் குறைவு. 7 கிலோவாட் சார்ஜரில் அது ஒரு மணி நேர வேலை. வண்டியோ இரவு முழுக்கப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறது. அந்த ஒரு மணி நேரம் எப்போது என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

மாலை ஏழு மணிக்கு வேலை முடிந்து ஆயிரம் பேர் வீடு திரும்பி ஒரே நேரத்தில் பிளக்கைச் செருகினால் 7,000 கிலோவாட், அதாவது 7 மெகாவாட், உச்சநேரத்தின் தலைமேல் போய் உட்காரும். அதே ஆயிரம் கார்களும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே பிரிந்து பிரிந்து ஏறினால் யாருக்கும் தெரியாது. சூரிய மின்சாரம் மிகுந்த இடத்தில், பகலில் அலுவலக வாசலில் நிற்கும் காருக்கு நண்பகல்தான் நல்ல நேரம். இரவுதான் சிறந்தது என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியல்ல. அந்தந்தக் கட்டமைப்பில் எப்போது மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும்.

செலவு என்று பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பெரும்பாலான மின்கார்களில் சார்ஜ் நேரத்தைக் குறித்துவைக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. கூடுதல் மின் இழப்பும் இல்லை, எப்படியும் ஏற்றவேண்டிய மின்சாரம்தானே. பேட்டரிக்கு இது நன்மையாகக்கூட முடியலாம்: நூறு சதவீதம் நிரம்பிய நிலையில் இரவு முழுக்க நிற்பதைவிட, விடியற்காலையில் தேவையான அளவுக்கு ஏறி முடிவது லித்தியம் பேட்டரிகளுக்கு நல்லது.

மறைந்திருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. சலுகைக் கட்டணம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கும் என்று அறிவித்தால், எல்லாக் கார்களும் பன்னிரண்டு அடித்த அதே நொடியில் சார்ஜைத் தொடங்கும். பழைய உச்சம் போய்ப் புது உச்சம் வரும். நாடு தழுவிய கட்டமைப்பு இதைத் தாங்கிக்கொண்டாலும், தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் தாங்காமல் போகலாம். ஆகவே நேரத்தை நீங்களே கையால் குறிப்பதாக இருந்தால் பன்னிரண்டைக் குறிக்காதீர்கள், 12.37, 1.20 என்று எதையாவது குறியுங்கள். சிறிய விஷயம்தான், ஆனால் உங்கள் தெருவுக்கு நீங்கள் இலவசமாகச் செய்யக்கூடிய நல்ல காரியம். இன்னும் நல்லது, மின் நிறுவனமோ, அதன் சார்பில் பல கார்களை ஒன்றுசேர்த்து நிர்வகிக்கும் ஒரு தொகுப்பு நிறுவனமோ தொலைவிலிருந்து நேரத்தைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தில் சேர்வது. காலை எத்தனை மணிக்கு எவ்வளவு சார்ஜ் வேண்டும் என்று நீங்கள் சொன்னால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எப்போது இது சிறந்தது: கார் தினமும் ஓடுகிறது, மின்தடை அடிக்கடி இல்லை, கூடுதல் பணம் போட விருப்பமில்லை என்றால். வேறு வழிக்குப் போகிறவர்களும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

## 2. காரிலிருந்து வீட்டுக்கு (வி2எச்)

இந்த வழிக்கு வேகம் கொடுத்தது ஒரு பேரிடர். 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து, ஃபுகுஷிமா அணு உலைகள் நின்று, மின்சாரம் இல்லாமல் மக்கள் தவித்தார்கள். அடுத்த ஆண்டே நிஸான் லீஃப் காரிலிருந்து வீட்டுக்கு 6 கிலோவாட் வரை கொடுக்கும் நிச்சிகான் நிறுவனத்தின் கருவி அங்கே விற்பனைக்கு வந்தது. லீஃப் பயன்படுத்திய, சாடெமோ என்ற ஜப்பானிய வகை சார்ஜ் பிளக் இருவழிக்கும் இடம் கொடுத்தது அதற்கு வசதியாக இருந்தது.

மின்தடைக்கு இதைவிடத் தெம்பான துணை குறைவு. நம் 60 யூனிட் பேட்டரியில் ஓட்டத்துக்கென்று 40 சதவீதத்தை ஒதுக்கினாலும் 36 யூனிட் மிஞ்சும். இழப்பு போக வீட்டுக்குச் சுமார் 30 யூனிட் வரும். ஒரு நாளைக்கு 10 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு அது மூன்று நாள். சுவரில் மாட்டும் வீட்டுப் பேட்டரிகள் பெரும்பாலும் 5 முதல் 15 யூனிட்தான். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் போன்ற பெரிய வண்டிகளில் பேட்டரி 100 யூனிட்டைத் தொட்டும் தாண்டியும் இருந்தது, வீட்டுக்கு 9.6 கிலோவாட் வரை கொடுக்கும்.

தினசரிப் பயனும் உண்டு: மலிவான நேரத்தில் காரில் ஏற்றி, விலை கூடிய மாலையில் வீட்டுக்கு எடுத்துக்கொள்வது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இங்கேதான் ஒரு பொறி. இருவழி சார்ஜரில் இருக்கும் மின்னணுச் சுற்றுகள் 7, 10 கிலோவாட்டுக்காக வடிவமைத்தவை. இரவு ஒரு மணிக்கு வீட்டில் ஃபிரிட்ஜும் இரண்டு விசிறியும் மட்டும் ஓடினால் தேவை 200, 300 வாட்தான். அந்தக் குறைந்த சுமையில் அவற்றின் செயல்திறன் சரிந்துவிடும். போதாக்குறைக்கு, காரை விழித்த நிலையில் வைத்திருக்க அதன் கட்டுப்பாட்டுக் கருவிகள் தொடர்ந்து மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு குடம் தண்ணீருக்குக் கிணற்று மோட்டாரை ராத்திரி முழுக்க ஓட்டுவது போன்றது அது. டெலாவேர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட அளவீடுகளில், கட்டடமும் காரும் சேர்ந்த இழப்பு, ஒரு திசைக்கு மட்டும், 12 முதல் 36 சதவீதம் வரை இருந்தது. வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்துக்கும் பேட்டரியில் இருக்கும் டிசி மின்சாரத்துக்கும் இடையே மாற்றுவதில்தான் பெரும்பகுதி போனது. குறைந்த சுமையில் நிலைமை மோசம், ஏற்றும்போதைவிட இறக்கும்போது இன்னும் மோசம்.

சரி, என்ன செய்வது? மாலையில் சமையல், குளிர்சாதனம் என்று சுமை கூடிய இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டும் காரைப் பயன்படுத்தி, மற்ற நேரத்தில் அதைத் தூங்கவிடுவதுதான் அறிவு.

இன்னொரு மறைசெலவு, இணைப்பைத் துண்டிக்கும் கருவி. மின்தடையில் கார் வீட்டுக்குக் கொடுக்க வேண்டுமானால், வீடு முதலில் வெளிக் கம்பியிலிருந்து முழுமையாகத் துண்டிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கார் மின்சாரம் தெருக் கம்பியில் ஏறி, பழுது பார்க்க வந்த லைன்மேனின் உயிரைக் குடிக்கும். இதற்கான தானியங்கி ஸ்விட்ச், சில வீடுகளில் மெயின் போர்டையே மாற்றும் வேலை, எல்லாம் சேர்ந்து சார்ஜரின் விலையோடு போட்டி போடும்.

எளிய மாற்று ஒன்று இருக்கிறது: காரிலேயே ஒரு சாதாரண பிளக் பாயிண்ட். ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்ற கார்கள் இப்படி 3.6 கிலோவாட் வரை தருகின்றன. ஃபிரிட்ஜ், விளக்கு, மருத்துவக் கருவி என்று முக்கியமானவற்றை நேராக ஒரு எக்ஸ்டென்ஷன் கம்பியில் மாட்டிக்கொள்ளலாம். மின்தடைக்கு மட்டும்தான் கவலை என்றால் பலருக்கு இதுவே போதும். ஆனால் இரண்டு பக்கமும் ஆண் பிளக் உள்ள கம்பியைச் செய்து, வீட்டுச் சுவர் பாயிண்டுக்குள் மின்சாரத்தைத் திருப்பி விடும் வேலையை யாரும் செய்யாதீர்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

எப்போது இது சிறந்தது: மணிக்கணக்கில், நாள்கணக்கில் மின்தடை வரும் இடம், வீட்டில் மருத்துவக் கருவியை நம்பியிருக்கும் ஒருவர், கூரையில் சோலார் இருந்து, பகலில் காரும் வீட்டில் நிற்கும் குடும்பம்.

## 3. காரிலிருந்து கட்டமைப்புக்கு (வி2ஜி)

ஆஸ்திரேலியாவில் 2024 பிப்ரவரி 13 அன்று விக்டோரியா மாநிலத்தில் புயல் அடித்து உயரழுத்தக் கோபுரங்கள் சாய்ந்தன. ஒரு பெரிய நிலக்கரி மின்நிலையம் கழன்றுகொண்டது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருளில் மூழ்கின. அதே நேரத்தில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி கான்பெராவில் ஒரு ஆய்வுத் திட்டத்தின் கீழ் பிளக்கில் நின்றிருந்த 16 மின்கார்கள், அலைவெண் இறங்கியதைத் தாமே உணர்ந்து, சில நொடிகளுக்குள் 107 கிலோவாட் அளவுக்குக் கைகொடுத்தன. யாரும் பொத்தானை அழுத்தவில்லை. அந்தப் புயலில் இது கடுகளவு உதவிதான் என்பது உண்மை. ஆனாலும் உண்மையான ஒரு நெருக்கடியில் கார்கள் தாமாகவே எழுந்து வேலை செய்தன என்பதைப் படித்தபோது எனக்கு உள்ளபடியே நெகிழ்ச்சியாக இருந்தது.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. 7 கிலோவாட்டில் ஏறிக்கொண்டிருக்கும் கார் சட்டென்று ஏறுவதை நிறுத்தினால் கட்டமைப்புக்கு 7 கிலோவாட் மிச்சம். அதோடு 7 கிலோவாட்டைத் திருப்பியும் கொடுத்தால் மொத்தம் 14. அதாவது உதவியில் பாதியை முதல் வழியே, ஒருவழி சார்ஜரை வைத்தே, செய்துவிட முடியும். மறுபாதிக்குத்தான் இருவழிக் கருவியின் விலை.

அப்படியானால் யாருக்கு லாபம்? நொடிக்கணக்கில் உதவும் அலைவெண் சேவையில், காரிலிருந்து உண்மையில் போகும் மின்சாரம் கொஞ்சம்தான். "கூப்பிட்டால் வருவேன்" என்று காத்திருப்பதற்கே பணம். டென்மார்க்கில் ஃபிரெடெரிக்ஸ்பெர்க் நகரின் குடிநீர், எரிவாயு நிறுவனம் 2016 முதல் பத்து நிஸான் வேன்களைப் பத்து கிலோவாட் இருவழி சார்ஜர்களில் மாட்டி இந்தச் சேவையை விற்றது. ஊழியர்கள் மாலையில் வேன்களை ஒரே முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள், காலையில் எடுப்பார்கள். இடையே பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் அவை பிளக்கில். வி2ஜிக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியைக் கற்பனை செய்ய முடியாது.

பள்ளிப் பேருந்துகளும் அப்படித்தான். பெரிய பேட்டரி, குறித்த நேரத்தில் மட்டும் ஓட்டம், கோடை விடுமுறை முழுக்க ஓய்வு. குளிர்சாதனத் தேவையால் கோடையில் கட்டமைப்பு திணறும் இடங்களில் இரண்டும் ஒத்துப்போகின்றன. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெவர்லி நகரில் ஒரே ஒரு மின்பேருந்து 2021 கோடையில் மட்டும் 50 மணி நேரத்துக்கு மேல் கட்டமைப்புக்கு மின்சாரம் கொடுத்தது. 2024-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 74 பேருந்துகள் கொண்ட பள்ளி வாகனத் தொகுதி முழுவதும் இருவழி சார்ஜர்களோடு இறங்கியது.

தனியார் காருக்கு இந்த ஒழுங்கு கிடையாது. இன்று ஆறு மணிக்கு வரும், நாளை ஒன்பதுக்கு, சனிக்கிழமை வெளியூர். மேலும், 70 சதவீதம் சார்ஜ் இருக்கும்போது யாரும் பிளக்கைத் தேடிப் போய்ச் செருகுவதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் பிளக்கைத் தொடும் காரால் கட்டமைப்புக்குக் காத்திருக்க முடியாது. தினமும் செருகும் பழக்கம் வராவிட்டால் இருவழி சார்ஜரில் போட்ட பணம் தூங்கும்.

விலை வித்தியாசத்தில் சம்பாதிப்பது அடுத்த கணக்கு. பத்து யூனிட் ஏற்றினால் எட்டு யூனிட் திரும்பக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விற்கும் விலை வாங்கும் விலையைவிட ஒன்றேகால் மடங்கு இருந்தால்தான் கைமுதல் திரும்பும். தேய்மானமும் கருவிச் செலவும் அதற்கு மேல். பல இடங்களில் வீட்டிலிருந்து போகும் மின்சாரத்துக்குத் தரும் விலை, வாங்கும் விலையைவிடக் குறைவு. அங்கே இந்தக் கணக்கு தொடங்கும் முன்பே முடிந்துவிடும். அலைவெண் சேவைக்கு வருமானம் நன்றாக இருக்கலாம், ஆனால் அந்தச் சந்தை சிறியது. ஆயிரக்கணக்கான பேட்டரிகள் உள்ளே வந்தால் விலை இறங்கும். முதல் ஆண்டு வருமானத்தைப் பத்தால் பெருக்கிக் காட்டுபவரை நம்ப வேண்டாம்.

### பேட்டரி தேய்ந்துவிடாதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். 2017-ல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஹவாய் பல்கலைக்கழகத்தில் மத்தியூ டுபாரியின் குழு, முழுச் சக்தியில் தினமும் திருப்பிக் கொடுத்தால் பேட்டரி ஆயுள் கணிசமாகக் குறையும் என்றது. வார்விக் பல்கலைக்கழகத்தில் கொதுப் உதீனின் குழு, சரியான கட்டுப்பாடு இருந்தால் ஆயுளை நீட்டிக்கவே முடியும் என்றது. முரண்பாடு போலத் தெரிந்தது. மறு ஆண்டு அந்த இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள்: இரண்டு முடிவுகளும் ஒத்துப்போகின்றன, எப்போது, எவ்வளவு எடுக்கிறோம் என்பதை பேட்டரியின் நிலையறிந்து தீர்மானிக்கிறோமா, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறோமா என்பதில்தான் வித்தியாசம்.

பேட்டரிக்கு மூப்பு இரண்டு விதத்தில் வருகிறது. ஒன்று பயன்பாட்டால், மற்றொன்று சும்மா இருந்தாலும் காலத்தால். வெப்பமும் நிரம்பிய நிலையும் இரண்டாவதை வேகப்படுத்தும். நம் காரின் கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் என்றால் 2,500 யூனிட், அதாவது சுமார் 42 முழுச் சுற்று (பேட்டரி ஒரு முறை முழுதாக நிறைந்து காலியாவது ஒரு சுற்று). ஆண்டில் 300 நாள், நாளுக்கு 10 யூனிட் திருப்பிக் கொடுத்தால் கூடுதலாக 50 சுற்று. மொத்தம் 92. பதினைந்து ஆண்டில் ஏறத்தாழ 1,400. நல்ல பேட்டரிகள் தாங்கும் எல்லைக்குள்தான் இது வரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி இதற்கு மேலும் தாங்கும். நடுத்தர அளவுக்குள், அதாவது 30-க்கும் 80 சதவீதத்துக்கும் இடையே, மெதுவாக எடுத்தால் தேய்மானம் இன்னும் குறைவு. ஆகவே தேய்மானம் உண்டு, ஆனால் பலர் பயப்படும் அளவுக்கு இல்லை.

எனக்குக் கவலை தருவது வாரண்டி. ஃபோக்ஸ்வாகன் தன் ஐடி வகைக் கார்களில் வீட்டுக்குக் கொடுக்கும் வசதியை அறிமுகப்படுத்தியபோது 10,000 யூனிட் அல்லது 4,000 மணி நேரம் என்று எல்லை வைத்தது. நாளுக்கு 10 யூனிட் எடுத்தால் ஆயிரம் நாளில், மூன்று ஆண்டு நிறைவதற்குள், அது தீர்ந்துவிடும். பத்து ஆண்டு வருமானக் கணக்குப் போட்டு சார்ஜர் வாங்கியவருக்கு அது பெரிய அடி. மாறாக, நிஸான் 2022-ல் அமெரிக்காவில் ஒரு குறிப்பிட்ட இருவழி சார்ஜரை லீஃபுக்கு அங்கீகரித்து, அதனால் பேட்டரி வாரண்டி பாதிக்காது என்று சொன்னது. இரண்டுக்கும் நடுவே எத்தனையோ நிலைகள் உண்டு. வாரண்டிக் காகிதத்தில் "திருப்பிக் கொடுத்தல்" பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

### இன்வெர்ட்டர் சுவரிலா, காரிலா?

இருவழியில் இரண்டு வகை. டிசி வகையில், பேட்டரியின் டிசி மின்சாரத்தை ஏசியாக மாற்றும் வேலையைச் சுவரில் மாட்டிய சார்ஜர் செய்யும். கனமானது, விலை கூடியது, ஆனால் சோலார் இன்வெர்ட்டரைப் போல அதற்கு மட்டும் சான்று வாங்கினால் போதும். ஏசி வகையில் காருக்குள்ளேயே அந்த வேலை நடக்கும். சுவர்ப்பெட்டி மலிவு, ஆனால் அந்தந்த நாட்டின் கட்டமைப்பு விதிகளுக்குக் காரே உட்பட வேண்டும். ரெனோ 5 கார் இந்த இரண்டாம் வகை. பல மின்கார்களில் இருக்கும் சிசிஎஸ் வகை சார்ஜ் பிளக்குக்கு இருவழித் தொடர்பை வரையறுத்த ஐஎஸ்ஓ 15118-20 தரம் 2022-ல்தான் வந்தது. அதனால் "இருவழிக்குத் தயார்" என்று ஒட்டிய காரும், "இருவழி" என்று ஒட்டிய சார்ஜரும் ஒன்றோடொன்று பேசும் என்று நம்பிவிடாதீர்கள். இந்தக் காருக்கு இந்த சார்ஜர் என்று பெயர் சொல்லி எழுதிய பட்டியல் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. வி2ஜி கருவி, பாதுகாப்பு விதிப்படி, வெளி மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கட்டமைப்புக்குக் கொடுக்கும் கருவி இருக்கிறதே, மின்தடையில் வீட்டுக்கும் வரும் என்று நினைத்தால், தனித்த துண்டிப்பு ஸ்விட்ச் இல்லாமல் வராது.

எப்போது இது சிறந்தது: நிறுவன வேன்கள், பள்ளிப் பேருந்துகள், ஒரே கூரையின் கீழ் பல கார்கள் நிற்கும் இடங்கள். தனியாருக்கு என்றால், அதிகம் ஓடாத கார், தினமும் பிளக், காத்திருப்புக்குப் பணம் தரும் திட்டம் மூன்றும் சேர வேண்டும்.

## 4. தனியாக ஒரு பேட்டரி

வீட்டுச் சுவரில் நிற்கும் பேட்டரி எங்கும் போகாது. அதன் பெரிய பலமே அதுதான். 24 மணி நேரமும் பிளக்கில். காலையில் காரை எடுத்துப் போனாலும் பகல் சோலாரை அது பிடித்துக்கொள்ளும். வீட்டுச் சுமைக்கு ஏற்ற அளவில் இன்வெர்ட்டர் இருப்பதால் இழப்பும் குறைவு. பத்து யூனிட் ஏற்றினால் ஒன்பது யூனிட்டுக்கு அருகில் திரும்பும். கார் வாரண்டியோடு எந்தச் சச்சரவும் இல்லை.

பலவீனம், யூனிட்டுக்கு ஆகும் விலை. காரில் ஏற்கெனவே 60 யூனிட்டுக்குப் பணம் கட்டியிருக்கும்போது, அதில் ஆறில் ஒரு பங்குக்காக மறுபடியும் செலவழிக்கிறோம். இடமும் வேண்டும், வெயில் படாத, காற்றோட்டமான, படுக்கையறையை ஒட்டாத இடம்.

காரில் ஓய்வுபெற்ற பேட்டரிகளை இங்கே பயன்படுத்துவது பற்றியும் கேட்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் யோஹான் கிரைஃப் விளையாட்டரங்கில் 2018-ல் 148 லீஃப் கார்களுக்கு இணையான பேட்டரிகளைப் புதியதும் பழையதுமாகச் சேர்த்து, 3 மெகாவாட் சேமிப்பு நிறுவினார்கள். பெரிய அமைப்புக்கு, பொறியாளர்கள் பக்கத்தில் இருக்கும்போது, இது நல்ல வழி. வீட்டுக்கு, யாரோ பிரித்துக் கட்டிக்கொடுத்த பழைய பேட்டரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். தீப்பிடிக்கும் வாய்ப்பை எடைபோட நம்மிடம் கருவி கிடையாது.

எப்போது இது சிறந்தது: பகலில் கார் வீட்டில் இல்லாத, ஆனால் கூரையில் சோலார் உள்ள வீடு, குறுகிய, அடிக்கடி வரும் மின்தடை, இருவழி வசதி இல்லாத கார்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | நேரம் பார்த்து சார்ஜ் | காரிலிருந்து வீட்டுக்கு | காரிலிருந்து கட்டமைப்புக்கு | தனி பேட்டரி |
|---|---|---|---|---|
| பிளக் நேரம் | இரவில் சில மணி நேரம் போதும் | மாலையில் வீட்டில் இருக்க வேண்டும் | தினமும், நீண்ட நேரம், ஒழுங்காக | கவலையே இல்லை |
| முதல் செலவு | மிகக் குறைவு | கூடுதல். துண்டிப்பு ஸ்விட்சும் சேர்த்து | கூடுதல். அனுமதியும் மீட்டரும் சேர்த்து | கூடுதல் |
| மின் இழப்பு | கூடுதல் இழப்பு இல்லை | குறைந்த சுமையில் மோசம் | முழுச் சுமையில் பரவாயில்லை | குறைவு |
| பேட்டரி, வாரண்டி | நன்மைதான் | எல்லை இருக்கலாம் | எல்லை இருக்கலாம். எழுத்தில் வாங்க வேண்டும் | காரைத் தொடாது |
| மின்தடையில் | உதவாது | நாள்கணக்கில் | தானாக உதவாது | மணிக்கணக்கில் |
| கட்டமைப்புக்கு | உச்சநேரச் சுமை குறையும் | மாலைச் சுமை குறையும் | மூன்று தேவைக்கும் உதவும் | சோலாரைத் தாங்கும், திட்டத்தில் சேர்ந்தால் மற்றவையும் |

## கையெழுத்துப் போடும் முன்

வி2ஜி திட்டத்தில் சேர முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். சார்ஜ் எவ்வளவுக்குக் கீழே இறங்காது, அந்த எல்லையை நானே மாற்ற முடியுமா? அவசரத்துக்கு வண்டியை எடுத்தால் அபராதம் உண்டா? ஆண்டுக்கு எத்தனை யூனிட்டுக்கு மேல் எடுக்க மாட்டீர்கள், அந்த எண் என் கார் வாரண்டியின் எல்லைக்குள் வருகிறதா? தொகுப்பு நிறுவனம் மூடிவிட்டால் இந்த சார்ஜர் வேறொரு நிறுவனத்தோடு வேலை செய்யுமா? கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் மழுப்பலான பதில் வரும். மழுப்பினால் அந்த ஆண்டு சேராதீர்கள்; நேரம் பார்த்து சார்ஜ் செய்துகொண்டு காத்திருங்கள்.

இன்னும் கார் வாங்காதவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இரண்டு கார்களில் எது என்று ஊசலாடும்போது, மற்றதெல்லாம் சமமாக இருந்தால், இருவழி வசதியுள்ளதை எடுங்கள். அதற்கான சார்ஜரை இப்போதே வாங்க வேண்டியதில்லை. சுவருக்கும் காருக்கும் நடுவே தடிமனான கம்பிக்கும், மெயின் போர்டில் ஒரு காலி இடத்துக்கும் மட்டும் இப்போதே வழி செய்துவையுங்கள். சுவரை உடைக்கும் செலவு பின்னால் மிச்சம்.